கூடிச் சொன்ன கதை

உர்சுலா நல்ல நர்ஸ். அதை யாரும் மறுக்க முடியாது. சுவா சூ காங் பக்கம் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள், 1986-இல் மேற்படிப்புக்காக ஓர் ஆய்வு எடுத்தாள். மனநோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸுகள் சொல்லும் கதைகளைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பதா, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்பதா என்பதில்தான் குழப்பம்.

அவளுடைய வார்டிலேயே வேலை பார்த்த பிலோமினாவுக்குக் குழப்பமே இல்லை.

"தனியா கேளுங்கக்கா. மருதப்பன் எப்படிச் செத்தான்னு நான் சொல்லியாகணும். தூக்கமே வர்றதில்ல."

மருதப்பன் ஒரு நோயாளி. முந்தின வருடம் பூட்டிய அறைக்குள் செத்துக் கிடந்தான். மாரடைப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவனுக்கு மூச்சு வாங்குகிறது, கதவைத் திறக்க வேண்டும் என்று பிலோமினா கெஞ்சியும் தலைமை நர்ஸ் ரத்தினம்மா சாவியைத் தரவில்லை. அது வார்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

தனியாகக் கூப்பிட்டால் யார் பேசினார்கள் என்று காப்பகம் முழுக்கத் தெரிந்துவிடும், கூடி உட்கார்ந்தால் ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று உர்சுலா நினைத்தாள். ஆய்வு முறைப் புத்தகமும் அப்படித்தான் சொன்னது. மண்ணாங்கட்டிப் புத்தகம். வார்டுச் சாவி யார் கையில் இருக்கிறது என்று அதை எழுதியவனுக்குத் தெரியுமா?

ஞாயிறு மதியம், தெம்பனிஸில் உர்சுலாவின் புது வீட்டில் ஐந்து நர்ஸுகள் கூடினார்கள். யாரோ சொல்லி ரத்தினம்மாவும் தேக்கா சந்தையில் வாங்கிய வடையோடு வந்து சேர்ந்தாள். போகச் சொல்ல உர்சுலாவுக்கு வாய் வரவில்லை. டேப்ரிக்கார்டரை ஓடவிட்டாள்.

ரத்தினம்மா எல்லோருக்கும் வடை எடுத்துக் கொடுத்தாள். அன்பாகத்தான் கேட்டாள்.

"மருதப்பன்லேர்ந்து ஆரம்பிப்போம்லா. அன்னைக்குச் சாவி பிலோமினா கிட்டதானே இருந்துச்சு?"

ஒருத்தி ஆமாம் என்றாள். அடுத்தவள், பிலோமினா சாவியைப் பையில் போட்டதைத் தானே பார்த்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி, பாவம், களைப்பில் மறந்திருப்பாள் என்று பரிந்து பேசினாள். நான்காமவள் தலையை ஆட்டினாள். உர்சுலா டேப்பை நிறுத்தியிருக்கலாம். கேட்பவர் நடுவில் பேசக் கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிலோமினா அவளையே பார்த்தாள். உர்சுலா டேப்பின் பக்கம் குனிந்துகொண்டதும் பிலோமினா ரத்தினம்மாவிடம் திரும்பினாள்.

"ஆமா சிஸ்டர். எங்கிட்டதான் இருந்துச்சு."

ரத்தினம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டேப்ல ஒரு காப்பி எனக்குக் குடு உர்சுலா. ஆபீஸ்ல கேப்பாங்க."