கைவரிசை

முப்பது வருஷம் தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் படித்ததில்லை. ஓய்வு பெற்றதும் ஆசையாக வாங்கியது ஒன்றே ஒன்று: சாவியில்லாமல் பூட்டுத் திறக்கும் கம்பிகள், ஒரு தோல் பையில். சும்மா, பொழுதுபோக்குக்கு.

போன வாரம் மேல்வீட்டுக்காரர் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே கைக்குழந்தை. இரண்டே நிமிஷத்தில் திறந்து கொடுத்தேன்.

"சார், கைவரிசையைக் காட்டிட்டீங்களே!" என்று சிரித்தார். திருடனுக்குச் சொல்கிற வார்த்தை.

மறுநாள் மாடி முழுக்கப் புதுப் பூட்டு. "நன்றிகெட்ட ஜென்மங்கள்!" என்று கத்திக்கொண்டே வந்து, சட்டை எடுக்க எங்கள் பீரோவை இழுத்தேன். திறக்கவில்லை. அதிலும் புதுப் பூட்டு.

"என்ன வேணும்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தரேன்" என்றாள் மனைவி.