அக்கா கண்ட படகு நிறங்கள்

எங்கள் அன்பு அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து, யுத்தம் துரத்த, சிறு வயதிலேயே பெற்றோருடன் மேற்குக் கரையோர ஊரான முந்தலுக்கு வந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். நானும் திருமணமாகிக் கொழும்புக்கு வந்துவிட்டேன். அக்கா அந்த வீட்டில் தனியே இருந்து, ஒரு கம்பனியிலும் சேராமல், கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் இலச்சினை, பெயர்ப்பலகை, பைக்கற் எல்லாம் வடிவமைத்துக் கொடுத்தார்.

"தனிய இருக்கிறது கஷ்டமா இல்லையே அக்கா?" என்று போனில் கேட்பேன்.

"எனக்கு எங்கயடி நேரம்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்புவதா வேண்டாமா என்பதே எனக்குத் தீராத கவலையாக இருந்தது.

வேலை வந்தால் அக்கா லேசில் பென்சிலைத் தொடமாட்டார். முதலில் போய் உட்கார்ந்து பார்ப்பார். முதலாளியின் பெருமைகளை ஒரு காதால் கேட்டுக்கொண்டு, வாங்க வருகிறவரின் கண் எதில் நிற்கிறது என்று கவனிப்பார். ரோஜாப்பூவும் தங்க எழுத்தும் கேட்டு வந்தவர்களோடு மல்லுக்கு நிற்பார். பிடிவாதத்தில் எங்கள் அப்பாவையே வென்றவர்.

தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கருவாடு விற்கும் ஓர் அம்மா, காலமான தன் கணவரின் முகத்தைப் பைக்கற்றில் போடச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டார்.

"வாங்கிற ஆக்கள் கத்தரிக்கோலால வெட்டித் திறப்பினம். பிறகு குப்பையில எறிவினம். அவற்ர முகத்தை அப்பிடிப் பாக்க ஏலுமே அம்மா?"

அந்த அம்மா அழுதுகொண்டே போய்விட்டாராம். அக்கா விடவில்லை. தலவிலவுக்கே தேடிப் போனார். கரையில் அவருடைய கணவரின் படகு நின்றது. நீலம், மஞ்சள், நடுவில் மெல்லிய சிவப்பு என்று அவர் தன் கையால் பூசிய பட்டைகள். தூரத்தில் வரும் படகு யாருடையது என்று அங்கே நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அந்தப் பட்டைகளே பைக்கற்றில் ஏறின. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓம், அவர் வாறார்" என்றாராம்.

நோயில் விழுந்தும் அக்கா மாறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே மருந்துப் பெட்டியின் எழுத்தைக் குறை சொன்னார். கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அயலவர்களையும், நேரம் பாராமல் வாகனம் தந்த நுரைச்சோலை நண்பர்களையும் நாங்கள் மறக்கமாட்டோம்.

செத்தவீட்டுக்குத் தலவில அம்மாவும் வந்தார். என்னைத் தனியே அழைத்து, "மிஸ்ஸோட இந்த வீட்டில இருக்கிறவை ஆர், தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அம்மா. அக்கா தனியத்தான்."

அவர் நம்பவில்லை. "எங்கட வீட்டுக்கு வந்தா, நான் எவ்வளவு மறிச்சாலும் ஒரு நாளும் இருந்து சாப்பிடமாட்டா. வீட்டில எல்லாரும் எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு சொல்லிப்போட்டு, பொழுதுபட முன்னம் வெளிக்கிட்டிடுவா."

அந்தச் சிரிப்பை நம்புவதா என்ற என் கவலைக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி அதை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும்.

அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தோம். வந்து அக்காவுக்காகக் காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.