லிம் சூ காங் குளத்து விரால்

விரால் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வாயை மூடக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அது வராது. கரையில் உட்கார்ந்தால் அலுவலகக் கதை, கால்பந்துக் கதை, பங்குச் சாமியாரின் பிரசங்கம் என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பேன். அதனால் எனக்கு மாட்டியதெல்லாம் திலாப்பியாதான். ரொட்டியைப் பிசைந்து தூண்டில் முள்ளில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் எந்த வாயாடிக்கும் அது கிடைக்கும்.

விரால் பிடிப்பவர் என் நண்பர். அலுவலகத்தில் பக்கத்து மேசை, என்னைவிடச் சில வயது மூத்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. நான் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக் கத்தோலிக்கன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். அவர் வீட்டில் அன்றைக்கு மீனும் கிடையாது. சனிக்கிழமை இருவருக்கும் பொது. எழுபதுகளின் கடைசியில் சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள்தான் வேலை. மதியம் வெளியே வந்ததும் தூண்டில் கம்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறிக்கொள்வார்.

லிம் சூ காங் பக்கம் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய குளம் இருந்தது. பாதிக் குளத்தை ஆகாயத்தாமரை மூடியிருக்கும். தோட்டக்காரச் சீனர் எங்களைப் பார்த்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான் அனுமதி. விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். வந்த இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, அதைத் தாண்டித் தூண்டிலை வீச வேண்டும். இரை, சின்னத் தவளை. அது தத்தித் தத்தி வருவதுபோலத் தூண்டில் நரம்பை இழுக்க வேண்டும். நரம்பு தடிப்பாக இருக்க வேண்டும், கவ்வியதும் விரால் செடிக்குள் ஓடிச் சுற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம், கவ்வியவுடன் இழுக்கக் கூடாது. அது விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். நான் பொறுத்ததே இல்லை. என் முள் வெறுமனே திரும்பி வரும்போது அவர் புருவத்தை மட்டும் தூக்குவார். அதற்கு இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வருடம் அவர் மனைவிக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் ஆறவில்லை. சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அலுவலகத்தில் அவர் ஒரே தாளை வைத்துக்கொண்டு காலையெல்லாம் உட்கார்ந்திருப்பார். எங்கள் சீனத் தட்டச்சுப் பெண்ணும், மலாய்க்கார டிரைவரும், என் மனைவியும் தனித்தனியாக ஒரே மருந்தைச் சொன்னார்கள்: ஹருவான் சூப். ஹருவான் என்றால் விரால்தான். புண் ஆற விரால் சூப் என்பதில் இந்த ஊரில் மத பேதமே கிடையாது. தேக்கா சந்தையில் உயிரோடு வாங்கலாமே என்றேன். "தொட்டியில பட்டினி கிடந்த மீனில என்ன சத்து இருக்கு?" என்றார். அந்த நிலையிலும் தூண்டில்காரரின் கர்வம் போகவில்லை.

சனிக்கிழமை வந்தது. அவர் கையில் கம்பு இல்லை.

"உங்க தூண்டில் எங்கே?"

"நேர்த்தி வைச்சிருக்கிறன். முருகனுக்கு. தூண்டில் தொடமாட்டன், மீன் சாப்பிடமாட்டன். நீர்தான் பிடிக்க வேணும்."

அந்த அம்மாவின் புண் என் கையிலா ஆற வேண்டும்? "நான் பிடிச்சு, அவங்க குடிச்சு... வெளங்கிடும் லா" என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை மிதித்தேன்.

கரையில் எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு குந்தினார். ஆகாயத்தாமரையின் ஓரத்தில் தண்ணீர் மெல்ல உடைந்ததை அவர்தான் பார்த்தார். தாடையால் காட்டினார். வீசினேன். மூன்றாம் தடவை இழுக்கும்போது தண்ணீர் பட்டென்று வெடித்தது.

"பொறும்" என்றார். "அவசரப்படாதேயும். விடும்... விடும்... இப்ப இழும்!"

கம்பு வளைந்து என் கை பிய்ந்துவிடும்போல இருந்தது. அவருடைய இரண்டு கைகளும் தாமாக நீண்டு கம்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. தொடவில்லை. பிறகு அந்தக் கைகளை இழுத்துத் தம் அக்குளில் இறுக்கிக்கொண்டார். என் முன்னங்கை நீளத்துக்கு ஒரு விரால் கரையேறிச் சேற்றில் புரண்டது. நான் ஓவென்று கத்தினேன். அவர் அழுதார்.

ஈரச் சாக்கில் சுற்றி உயிரோடு குவீன்ஸ்டவுனுக்குக் கொண்டுபோனோம். என் மனைவி இஞ்சி தட்டிப் போட்டு சூப் வைத்தாள். ஃபிளாஸ்க்கில் ஊற்றி அவரே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அப்படியே. அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது, புண் மூடத் தொடங்கியது. டாக்டர் மருந்து என்றார், தட்டச்சுப் பெண் சூப் என்றாள், அவர் முருகன் என்றார். நானோ, விரால் பிடித்தவன் நான்தான் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேர்த்தி என்றால் என் மனத்தில் எங்கள் தவக்காலம்தான் இருந்தது. நாற்பது நாள் வாயைக் கட்டுவோம், ஈஸ்டர் அன்றைக்கு வட்டியும் முதலுமாகச் சாப்பிடுவோம். அந்த அம்மா வீடு திரும்பியதும் நேர்த்தி முடிந்துவிடும் என்று நம்பி, அவருக்காகப் புது நரம்பும் முட்களும் வாங்கி வைத்தேன். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குக் கீழே நின்று ஹார்ன் அடித்தேன். அவர் வேட்டியோடு இறங்கி வந்தார்.

"நீர் போயிட்டு வாரும்."

"என்ன, இன்னும் முடியலையா?"

"முடியிறதுக்கு ஒண்டும் இல்லை. இவ எழும்பி நடக்கவேணும் எண்டு, சாகிறவரைக்கும் தொடமாட்டன் எண்டுதான் வைச்சனான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேற எதையாவது கொடுத்திருக்கலாமே லா! சிகரெட்டை விட்டிருக்கலாமே!"

"சிகரெட் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை" என்றார், ஏதோ விளக்கம் சொல்வதைப்போல. "அது முருகனுக்குத் தெரியாமலோ இருக்கும்?"

அதற்குள் மாடிச் சன்னலில் அந்த அம்மா எட்டிப் பார்த்து, "தேத்தண்ணி போட்டிருக்கிறன், மேல வாங்கோ" என்று கூப்பிட்டார். தம் காலில் எழுந்து நின்று கூப்பிட்டார். அதன் பிறகு நான் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

தேநீர் குடித்துவிட்டு லிம் சூ காங்குக்குத் தனியாகப் போனேன். பேச ஆள் இல்லாததால் வாய் தானாக மூடிக்கொண்டது. விரால் வந்து கவ்வியது, பொறுத்தேன், பிடித்தேன், திரும்பத் தண்ணீரில் விட்டேன். மனசு ஆறவில்லை. அவர் முருகனுக்குக் கொடுத்த சனிக்கிழமைகளில் பாதி என்னுடையவை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.