உப்புக் கால்

போன வருஷம் சித்திரையில் நடந்தது இது. மரக்காணத்தில் எங்கள் உப்பளத்துப் பாத்திகளெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து நின்ற சமயம். வெயில் மேலிருந்து விழும், விழுந்த வேகத்தில் உப்பில் மோதி மறுபடி முகத்துக்கே எழும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற கார்க்காரர்கள் இறங்கி வந்து படம் எடுப்பார்கள். செல்ஃபி ஆசையில் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் கால் வைத்தவர்கள், ஐயோ அம்மா என்று துள்ளித் துள்ளித் திரும்ப ஓடுவார்கள். நான் அதே வரப்பில் வெறுங்காலோடு நின்று அவர்களைப் பார்த்துச் சிரிப்பேன்.

என் காலுக்கு நானே வைத்த பேர் உப்புக் கால். சின்ன வயதிலிருந்து பாத்தியில் இறங்கி இறங்கி, உப்பு அதைக் கெட்டிப்படுத்திவிட்டது என்று நம்பினேன். சிப்பி மேல் மிதித்தாலும் தெரியாது. நண்டு ஓடு குத்தினாலும் தெரியாது. கடைத்தெருவுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறேன், ஒன்று எங்கே கழன்றது என்றே தெரியாமல். "செருப்பு போனது கூடத் தெரியாம நடந்து வர்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அது ஒரு பெருமை போலத்தான் இருந்தது.

சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாத்திரை போடுவேன், மறப்பேன், மறுபடி போடுவேன். உடம்பு குறையவில்லை. பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிற என் மகளுக்கு அது பெரிய கவலை. முன்னொரு தடவை நடைப்பயிற்சிக்கென்று வெள்ளை ஷூ வாங்கித் தந்தாள். அது வாசல் ஸ்டாண்டில் தூசி வாங்கிக்கொண்டு கிடந்தது. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், நாளைக்கு உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றாள். பெரிய முதலியார்சாவடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம், அதில் உட்கார்ந்த இடத்திலேயே சைக்கிள் ஓட்டுகிற வகுப்பு, முதல் நாள் சும்மா வந்து பார்க்கலாம் என்றாள்.

"நகராத சைக்கிள எதுக்கும்மா ஓட்டணும்?"

"நகர்ற சைக்கிள நீங்க ஓட்டுறதில்லையே, அதுக்குத்தாம்ப்பா."

மறுநாள் கிளம்பும்போது என் வயிறு முந்திக்கொண்டு குறுக்கே வந்ததால் குனிந்து ஷூ மாட்டச் சிரமப்பட்டேன். மகளே மண்டியிட்டு, தடிமனான காலுறையை இழுத்துவிட்டு, ஷூவுக்குள் என் கால்களைத் திணித்து, நாடாவை இறுக்கிக் கட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு அவளை நான் அனுப்பிய காலைகள் தலைகீழாகத் திரும்பியது போல் இருந்தது. அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கடல் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனேன்.

கூடத்து வாசலில் இறங்கியதுமே மனைவியிடமிருந்து போன்.

"மோட்டார் கொட்டகை சாவியக் காணோம். எடுத்துக்கினு போயிட்டீங்களா?"

"எங்கிட்ட ஏது? நேத்து அவன்தானே பூட்டினான், அவன கேளு."

அவன் என்றது எங்கள் உப்பளத்து மோட்டாரைப் பார்த்துக்கொள்கிற ஆள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தான், போன் எடுக்கவில்லை. பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆட்கள் வந்து காத்து நிற்கிறார்களாம்.

"பாக்கெட்ல நல்லாத் தடவிப் பாருங்க."

"எங்கிட்ட இல்லன்னா இல்ல. சும்மா போன் பண்ணாத." கொஞ்சம் கத்தியே வைத்தேன். பயத்தில் இருக்கிறவனுக்குக் கோபம் சுலபமாக வரும்.

பயம்தான். உள்ளே ஜன்னலே இல்லாத ஒரு ஹால். ஏசிக் குளிர். நீலமும் சிவப்புமாக விளக்குகள் கூரையில் சுழன்றன. வரிசை வரிசையாகச் சைக்கிள்கள், முன் சக்கரம் மட்டும் இருக்கிற கறுப்பு இரும்புக் குதிரைகள். அவற்றின் மேல் இளசுகள். தொப்பையோடு அரைக்கை பனியன் போட்ட ஒரே ஆள் நான். பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று போனால், அங்கே எனக்கு முன்பே ஒருவர் ஒளிந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, நரைத்த தாடி, தலையில் வெள்ளைத் தொப்பி. கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் ரொம்ப வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர் என்று பேச்சில் தெரிந்தது.

"புதுசாண்ணே?"

"ஆமாங்க பாய். கொஞ்சம் பயமா இருக்குது."

"இதுக்கு என்னாண்ணே பயம்? லைசென்ஸ் வேணாம், எதிர்ல லாரி வராது. எம்மாம் நேரம் மிதிச்சாலும் முதலியார்சாவடிய தாண்ட மாட்டோம்."

அவர்தான் சீட்டின் உயரத்தைச் சரிசெய்து, மிதிகட்டையில் என் கால்களை வைத்து வாரைப் போட்டு இறுக்கினார். கால் கட்டுண்டதும் எனக்கு வியர்த்தது. பாட்டு அதிர ஆரம்பித்தது. சொல்லிக்கொடுக்கிற பெண் மேடையிலிருந்து மைக்கில் கூவினாள். மிதித்தேன். மூச்சு வாங்கவே சாதாரண சைக்கிள் நினைப்பில் சட்டென்று காலை நிறுத்தினேன். சைக்கிள் நிற்கவில்லை. மிதிகட்டை என் காலை இழுத்துக்கொண்டே சுற்றியது. தூக்கிவாரிப் போட்டது.

"அங்கிள், டக்குனு நிறுத்தாதீங்க! மெதுவா, மெதுவா குறைங்க!" என்று அத்தனை பேர் நடுவே அவள் மைக்கில் சொன்னாள். எல்லாத் தலைகளும் திரும்பின. மகள் முன்வரிசையிலிருந்து கையால் சைகை காட்டினாள். பாய் சிரித்தார். "பாத்தீங்களா, நம்மள உட்டுட்டுப் போவாத பொண்டாட்டி மாதிரி வண்டி இது."

அப்புறம் எப்படியோ பிடிபட்டது. என்ன சொல்ல, கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிடித்தும் போய்விட்டது. இருட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாட்டு ஏற ஏறச் சக்கரம் கடலிரைச்சல் மாதிரி உறுமியது. "மேடு வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்றாள் அந்தப் பெண். எழுந்தேன். என் முழுக் கனமும் கால்களில் இறங்கியது. இடது, வலது, இடது, வலது. காற்றே இல்லாத அந்த அறையில் எனக்குக் காற்றடித்தது. வேர்வை உதட்டில் கரித்தது, எங்கள் ஊர் ருசி. வரப்புகள் என் இரண்டு பக்கமும் பின்னால் ஓடுவது போலவும், உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போவது போலவும், நான் வயதே இல்லாமல் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலவும் இருந்தது. சின்னப் பையன் மாதிரி வாய்விட்டுக் கத்தினேன். உடம்பு என்பது இவ்வளவு நல்லதா என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பாட்டு நின்றது. விளக்குப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் சீட்டில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தேன். பாய் கீழே வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"அண்ணே. கால அசைக்காதீங்க."

"ஏன் பாய்?"

"எறங்காதீங்க. அப்டியே இருங்க."

எட்டிப் பார்த்தேன். என் இடது ஷூ வெள்ளையாக இல்லை. பக்கவாட்டுத் துணி முழுக்கச் சிவப்பு. மிதிகட்டையின் ஓரத்திலும் ஈரமாகச் சிவப்பு. யாரோ ஜூஸைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஒரு வலி இல்லை, ஓர் உறுத்தல் இல்லை. அது என்னிடமிருந்து வருகிறது என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

பாய் வாரை அவிழ்த்தார். ஷூவை மெல்லக் கழற்றினார். காலுறை ரத்தத்தில் ஊறிப் பிசுபிசுத்தது. கழற்றிய ஷூவைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஏதோ தரையில் விழுந்து கிணுக்கென்றது.

சாவி. மோட்டார் கொட்டகை சாவி.

அதையே பார்த்தேன். முந்தின நாள் மாலை எங்கள் ஆள் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. யாரும் தொடாத அந்த ஷூ பத்திரமான இடம் என்று உள்ளே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம் தெரிந்தது இது. ஒரு சாவியின் மேல் வீட்டிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் நடந்திருக்கிறேன். ஒரு சாவியின் மேல் எழுந்து நின்று மேடு ஏறியிருக்கிறேன். எங்கிட்ட இல்லன்னா இல்ல என்று அதன் மேல் நின்றுகொண்டே கத்தியிருக்கிறேன். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் எதுவோ, அந்த நேரம் முழுக்க அது என் பாதத்தைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மகள் ஓடி வந்தாள். "நான்தாம்ப்பா மாட்டிவிட்டேன், உள்ள கைய விட்டுப் பாக்கலியே" என்று அழ ஆரம்பித்தாள்.

பாய் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். புதுத் துண்டால் காயத்தைச் சுற்றிக் கட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"வெரல தொடுறேன். தெரியுதா சொல்லுங்க."

"தொடுங்க பாய், சொல்றேன்."

நான் காத்திருந்தேன். "எப்பத் தொடப் போறீங்க?" என்றேன்.

மகள் கேவிவிட்டாள். குனிந்து பார்த்தேன். அவர் என் பெருவிரலை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

ரத்தத்தைப் பார்த்தபோது வராத பயம் அப்போது வந்தது. என் கண் முன்னால் என் விரல். அதை ஒருவர் கிள்ளுகிறார். எனக்குச் செய்தி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்ப்பது போல் என் காலைப் பார்த்தேன். "அது உப்புக் கால் பாய்" என்று ஏதோ உளறினேன். "உப்பளத்துல நடந்து நடந்து மரத்துப் போச்சி, வேற ஒண்ணுமில்ல."

"சக்கர இருக்குதா?"

தலையாட்டினேன்.

அவர் சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு தரையில் உட்கார்ந்து தன் வலது ஷூவைக் கழற்றினார், காலுறையை உருவினார். பெருவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது.

"வெளிநாட்டு வெயில்ல வேல பாத்து மரத்துப் போச்சின்னு நானும் நெனச்சேன். சேஃப்டி ஷூக்குள்ள ஒரு சின்னக் கல்லு. பொட்டுக்கடல அளவுதான்ணே இருக்கும். அத போட்டுக்கினு எத்தினி நாளு நடந்தேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். நாத்தம் வந்தப்புறம்தான் பாத்தேன்." காலுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இத இங்க யாருக்கும் காட்டுனதில்ல. உப்பு எதையும் மரத்துப்போவ வைக்காதுண்ணே. இது சக்கர. எந்திரிங்க, போலாம்."

என்னை ஒரு காலைக்கூட ஊன்ற விடவில்லை. அவரும் என் மகளுமாகத் தாங்கித் தூக்கி அவர் காரில் ஏற்றினார்கள். வெள்ளை சீட்டில் ரத்தம் படுமே என்று நான் காலைத் தூக்கிப் பிடித்தேன். "சீட்ட கழுவிக்கலாம், கால கீழ வையிங்க" என்று அதட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்துகொண்டே, இன்னொரு வாரம் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் உங்களிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார். என்ன மாதிரி என்று கேட்கவில்லை. பாயின் கால் கதவருகே நின்றுகொண்டிருந்தது.

சாவியைக் கழுவி மகள் ஊருக்குக் கொடுத்தனுப்பினாள். அன்று சாயங்காலம் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தது. எனக்குத்தான் பாத்தியில் இறங்கத் தடை. புண் ஆறி முடிய மழைக்காலம் வந்துவிட்டது. அந்த உப்புப் பருவம் முழுவதும் சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் வெள்ளைப் பாத்திகளைக் கார்க்காரர்கள் மாதிரி தூரத்திலிருந்து பார்த்தேன். அவர்கள் சூடு தாங்காமல் துள்ளியபோது சிரிப்பு வரவில்லை. அந்தக் கால்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகின்றன என்று பார்த்தேன்.

என்னை இன்னும் விட்டுப் போகாத அதிர்ச்சி ரத்தம் இல்லை, சாவிகூட இல்லை. உணர்ச்சி என் காலை விட்டுப் போன நாள் எது? அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மீன் வாங்கிக்கொண்டிருந்தேனா, யாரோடோ அரட்டையா? வீட்டை விட்டு ஒருவர் எழுந்து போயிருக்கிறார். சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார். காலி இடத்தைப் பார்த்து நான் இத்தனை வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது மாத்திரையை மறப்பதில்லை. வகுப்புக்கும் போகிறேன். பின்வரிசையில் பாய் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். ஏறுவதற்கு முன் இரண்டு பேரும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவுவோம். இளசுகள் பார்த்துச் சிரிக்கும். தினமும் காலையில் பாதத்தைத் திருப்பி, கண்ணாடி வைத்துப் பார்த்து, கையால் தடவுகிறேன். கால் சொல்லாததைக் கை வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

வலது குதிகாலில் மட்டும் ஒரு காசு அளவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றார் டாக்டர். போன வாரம் வாசல்படியில் அந்த இடம் நறுக்கென்று இடித்துக்கொண்டது. "ஐயோ!" என்று அலறினேன். மனைவி பதறி ஓடி வந்தாள். நான் படியில் உட்கார்ந்து, குதிகாலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "வலிக்குதுடி, வலிக்குது" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாதங்களிலும் சேர்த்து அந்தச் சின்ன இடம் ஒன்றாவது இன்னும் என்னோடு பேசுகிறதே என்கிற நிம்மதியை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.