பிசிறு தட்டும் வினைச்சொல்

சீட்டக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது அவருடைய உத்தியோகம்தான். ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் சீட்டு அடுக்குவது அவர் வேலை. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை. அதில் ஒரு சொல், அது வந்த வாக்கியம், நூலின் பெயர், ஆண்டு. இப்படி லட்சக்கணக்கான சீட்டுகள், மாடிப்படி அடியில் தொடங்கிக் கழிவறை வாசல் வரைக்கும் நீளும் மர இழுப்பறைகளில் கிடந்தன. "ஆபீஸ்ல உக்காந்து சீட்டு அடுக்குறாங்களாம், அதுக்குச் சம்பளம் வேறயாம்!" என்று தெருவில் யாரோ கிளப்பிவிட்ட கேலி, பெயராகவே ஒட்டிக்கொண்டது. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

இருபத்திரண்டு வயதில், அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவர். இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தார். பதினாறு வருடம் ஆகிவிட்டது. இருந்ததே இரண்டு அறை. அதில் ஜன்னல் வைத்த அறையைக் கொழுந்தியாள் படிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டு, அத்தான் தன் கட்டிலைத் தூக்கிச் சமையலறைக்கு வெளியே, ஆள் நடக்கும் வழியில் போட்டுக்கொண்டார். இன்று வரை அங்கேதான் படுக்கிறார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவார், மாலையில் காதோரம் கரியோடு திரும்புவார், நாலு வார்த்தை பேசுவதற்குள் கண் சொக்கிவிடும். "அத்தான் என்ன வேலை பாக்குறாரு?" என்று யாராவது கேட்டால் சீட்டக்கா, "இரும்புக் கம்பெனில இருக்காரு" என்பார். அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தெரியாது.

அகராதி அலுவலகத்தில் பதினோரு வருடமாகச் சீட்டக்கா தற்காலிக ஊழியர். இந்த முறை எஃப் எழுத்து முழுவதையும் அகராதியின் ஆசிரியர் அவரிடம் ஒப்படைத்திருந்தார். "எஃப் நல்லபடியா அச்சாகட்டும், உங்களை நிரந்தரம் பண்ணிடலாம்" என்றும் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் பக்கத்துத் தெருவில் தனியாக ஓர் அறை பார்க்கலாம். ஜன்னல் அறையை அத்தானுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். சீட்டக்காவின் ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

அந்த எஃப் வரிசையில்தான் 'ஃபெட்டில்' என்ற வினைச்சொல் வந்தது. மொத்தம் பதினேழு சீட்டுகள். சீட்டக்கா அவற்றை வயதுப்படி அடுக்கினார். ஆதியில் அது வார், இடைக்கச்சை என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து பிறந்திருக்கிறது. கச்சையைக் கட்டினால் சண்டைக்குத் தயார் என்றுதானே அர்த்தம்? அதனால் முதலில் 'வரிந்து கட்டிக்கொள், ஆயத்தமாகு' என்று பொருள். பிறகு அந்த வீறாப்பெல்லாம் தணிந்து வீட்டு வேலைக்கு இறங்கிவிட்டது: ஒழுங்குபடுத்து, பழுது பார், குதிரையைத் தேய்த்துவிடு. நடுவில் சில ஊர்களில் 'ஆளை நன்றாகக் கவனித்துவிடு' என்ற பொருளிலும் திரிந்திருக்கிறது. உதை கொடுப்பதை நாம் சொல்வோமே, அதே கவனிப்புத்தான். கடைசியில் உலைக்களத்துக்குப் போய், வார்ப்பு இரும்பின் பிசிறை நீக்கு என்றானது. அதோடு சீட்டு தீர்ந்தது. கடைசிச் சீட்டுக்கு நூறு வயது. ஆள் தெம்பாக இருக்கிறார் என்பதற்கு ஆங்கிலத்தில் 'இன் ஃபைன் ஃபெட்டில்' என்பார்களே, அந்தப் பெயர்ச்சொல் மட்டும் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடமாகச் சீட்டு இல்லாத சொல் செத்த சொல் என்பது அலுவலக விதி. சீட்டக்கா விதிப்படி வினைச்சொல்லின் பக்கத்தில் ஒரு குட்டிக் கத்திக் குறி போட்டு, 'வழக்கொழிந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. அத்தான் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். "அவருக்குக் கண்ணாடி இல்லாட்டி கையும் ஓடாது காலும் ஓடாது, கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடேன்" என்று அக்கா அனுப்பினாள். சீட்டக்கா முதல் முறையாக அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். காவலாளி மூன்றாவது கொட்டகையைக் காட்டினார். வாசலுக்கு மேலே தகரப் பலகையில், வெள்ளை ஆங்கில எழுத்தில், ஒரு முழ உயரத்துக்கு 'ஃபெட்லிங்' என்று எழுதியிருந்தது.

சீட்டக்கா பலகையை எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை படித்தார். நேற்றுத்தான் சாகடித்த சொல், கொட்டகை முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அத்தான் பம்பு மூடி ஒன்றை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சிற்றுளியால் அதன் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"அத்தான், இந்த வேலைக்கு இதுதான் பேரா?"

"ஃபெட்லிங்கா? ஆமா. இருபத்தாறு வருஷமா இதானே பண்றேன்."

"அப்படின்னா என்ன பண்ணணும்? உங்க வாயால சொல்லுங்க."

அவர் சீட்டக்கா நீட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று யோசித்தார். "அச்சுலேர்ந்து வரும்போது சாமான் மேல மண்ணு ஒட்டியிருக்கும், ஓரத்துல பிசிறு நிக்கும். அப்படியே பொருத்தினா பொருந்தாது, கையையும் கிழிச்சுடும். தட்டி, தேய்ச்சு, இன்னொண்ணோட சேர்ற மாதிரி ஆக்கி அனுப்பணும். அவ்வளவுதான்." சீட்டக்கா கைப்பையிலிருந்து வெற்றுச் சீட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். நூலின் பெயர் என்ற இடத்தை அடித்துவிட்டு, 'தொழிலாளி, நேரில் சொன்னது' என்று எழுதினார்.

பக்கம் மறுநாள் காலை அச்சேறுகிறது. பேசாமல் இருந்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. வேலை நிரந்தரம், அத்தானுக்கு அறை. ஆனால் எந்த மனிதருக்கு அந்த அறையைக் கொடுக்கப்போகிறாரோ, அவருடைய பிழைப்புக்குப் பக்கத்தில் கத்திக் குறியைப் போட்டுவிட்டு, எந்த முகத்தோடு சாவியை நீட்டுவது? சீட்டக்கா வீட்டுக்குப் போகாமல் நேரே அலுவலகத்துக்குப் போனார்.

ஆசிரியர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "நாம புத்தகத்தைத்தான் படிச்சோம், பட்டறைக்குப் போகலை. இதே மாதிரி எஃப்ல எத்தனை சொல்லுக்குக் கத்தி போட்டிருக்கீங்க?"

"நாப்பத்தி மூணு சார்."

"எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். அச்சை நிறுத்தியாகணும்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நிரந்தரம் இந்த வருஷம் முடியாதும்மா, நிர்வாகம் ஒத்துக்காது. ஆனா நீங்க வந்து சொன்னதுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்." சொல்லிவிட்டு அந்தச் சீட்டைத் தன் கையாலேயே இழுப்பறையில், பதினேழுக்கும் பின்னால், பதினெட்டாவதாகச் சொருகினார். சீட்டக்காவுக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

மாலையில் அத்தான் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் சீட்டக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு வார்த்தைக்காகவா வேலையைக் கோட்டை விட்டே? நான் என்னைக்காவது அறையைக் கேட்டேனா?"

"நீங்க கேக்கலை அத்தான். நானும்தான் கேக்கலை. பதினாறு வருஷம் உங்க நிழல்ல இருந்திருக்கேன், நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நீங்க இல்லாட்டி நான் எங்கயோ போயிருப்பேன்."

அத்தான் துண்டால் காதோரத்துக் கரியைத் துடைத்தார். இத்தனை வருடத்தில் இல்லாத வழக்கமாக, நாற்காலியைச் சீட்டக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதான் இப்ப கேட்டுட்டியே. இரும்பை உருக்குறதுலேர்ந்து ஆரம்பிக்கணும், கொஞ்சம் நேரமாகும். பரவாயில்லையா?"