நைல் கரையில் ஒரு சம்சாரி

மல்லாங்கிணறு யோபுவுக்கு நைல் நதியைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஆசை முழுக்க மனைவி ஜெயசீலிக்குத்தான். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். வருடம் தவறாமல் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் நைலை வளைத்து வரைந்து, "ஆண்டுதோறும் வெள்ளம் வரும், வண்டல் படியும்" என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைப்பார். ஊருக்கே அவர் டீச்சர். யோபுவும் அப்படித்தான் கூப்பிடுவார். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் டீச்சர் திரும்பமாட்டார்.

யோபு மானாவாரிச் சம்சாரி. நாலு ஏக்கர் கரிசலில் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். தண்ணீருக்கு வானம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாற்பது வருடமாக அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவர் கழுத்தே கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிட்டது. தெரியாதவர்கள் திமிர் பிடித்த மனுஷன் என்பார்கள். தெருவில் பாதிப்பேர் வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். மழை பெய்தால் மருந்து காயாது, அவர்களுக்கு வேலை கிடையாது. புரட்டாசியில் யோபு கருமேகத்தைப் பார்த்துச் சிரித்தால் எதிர்வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஹெப்சிபா, இருவருக்கும் புனிதப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். எகிப்து, இஸ்ரேல், ஜோர்தான், பத்து நாள்.

"உளுந்த விதைச்சுப் போட்டு எங்கன வர? நீ போயிட்டு வா டீச்சர்."

"உங்க உளுந்து ஒண்ணும் உங்களைத் தேடி அழாது. பேசாமக் கெளம்புங்க."

கிளம்பினார்.

கெய்ரோவில் முதல் நாளே படகு. பயணக் குழுவை அழைத்துவந்த பெனிட்டோ பக்கத்தில் நிற்க, எகிப்துக்கார வழிகாட்டி மஹ்மூத் தொண்டையைச் செருமினார். அதற்குள் டீச்சர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "வருசா வருசம் இதுல வெள்ளம் வரும். இந்தக் கரையெல்லாம் முங்கிரும். பாத்துக்கோங்க."

பெனிட்டோ அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மஹ்மூத் மரியாதையாகச் சிரித்தார். மேலே பெரிய அணை கட்டி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். பிறந்ததிலிருந்து அவர் இங்கே வெள்ளத்தையே பார்த்ததில்லையாம்.

டீச்சர் ஆற்றை முறைத்தார், அதுதான் பொய் சொல்லிவிட்டது போல.

"முப்பத்தோரு செட்டுப் பிள்ளைகளுக்கும் லெட்டர் போடணுமே டீச்சர்" என்றார் யோபு, மெதுவாக.

மத்தியானச் சாப்பாட்டுக்கு டீச்சர் வேறு மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பேருந்து ஊருக்கு வெளியே ஒரு கடையருகில் நின்றது. எல்லாரும் ஜூஸ் குடிக்கப் போக, யோபு சாலையைத் தாண்டிவிட்டார். எதிரே வாய்க்கால், அதை ஒட்டி வெங்காய வயல். இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளினார். கறுப்பு. கசக்கினார், உருட்டினார், மோந்து பார்த்தார். அவர் காட்டு மண்ணேதான்!

வயல்காரர் மண்வெட்டியோடு வந்தார். பாஷை இல்லை. யோபு வானத்தைக் காட்டி, விரல்களை மழையாக இறக்கி, எப்போது பெய்யும் என்று கேட்டார். அந்த மனிதரோ, இவர் கடவுளைச் சொல்கிறார் என்று எண்ணி, நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடினார். யோபுவும் மரியாதைக்கு மூடிக்கொண்டார்.

தேடி வந்த டீச்சர் கண்டது இந்தக் கோலத்தைத்தான். "ஏங்க, இருவத்தேழு பேரு பஸ்ல காத்துக்கெடக்காக. நீங்க இங்கன வந்து ஜெபக்கூட்டம் நடத்துறீகளா?"

பின்னாலேயே வந்த மஹ்மூத், பெனிட்டோ மூலம் விஷயத்தைச் சொன்னார். இங்கே மழை கிடையாது, பெய்தால் பேருக்கு நாலு தூறல். எல்லாம் ஆற்றுத் தண்ணீர். அந்தக் காலத்து மக்கள் தங்கள் நாட்டுக்கு வைத்த பெயருக்கே 'கறுப்பு மண்' என்றுதான் அர்த்தம்.

"கரிசக்காடு" என்றார் யோபு. பிறகு வயல்காரரின் கழுத்தைப் பார்த்தார். நேராக இருந்தது. வாழ்நாளில் ஒருதரம்கூட மேகத்துக்காக அண்ணாந்திராத கழுத்து. பேருந்தில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியே அந்தக் கழுத்தையே பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில், பயணத்தைப் பற்றிக் கோயிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். டீச்சர் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். ஏசி பேருந்தில் தொண்டை கட்டி, குரல் எழும்பவில்லை. யோபுவைத் தள்ளிவிட்டார்கள்.

"அங்க மழையே பெய்யாது. ஆனா வெங்காயம் அம்புட்டு மொளச்சுக் கெடக்கு" என்று ஆரம்பித்தார். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விழித்தார்கள். வாய்க்கால், மோட்டார், மண் என்று போய்க்கொண்டே இருந்தது.

போதகர் பொறுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, யோர்தான் நதியப் பத்தி ரெண்டு வார்த்தை..."

"அது சின்னதுங்கய்யா. நம்ம ஓடை கணக்கா."

கோயில் குலுங்கியது. பின்வரிசையிலிருந்து பொன்னுத்தங்கம் எழுந்து, வெங்காயத்துக்கு என்ன உரம் போடுகிறார்கள் என்று கேட்டாள். போதகர் கடைசி ஆசீர்வாதம் கூற அன்று வெகுநேரமாகிவிட்டது.

அவர்கள் ஊரில் இல்லாத நாட்களில் இங்கே நல்ல மழை. உளுந்தை மூடிக்கொண்டு களை. மறுநாள் விடிந்ததும் யோபு காட்டுக்குப் புறப்பட்டபோது, கெய்ரோவில் வாங்கிய அகலத் தொப்பியோடு டீச்சரும் வாசலில் நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் களைவெட்டக் கிளம்புவது இதுதான் முதல் தடவை.

"எது களை, எது உளுந்துன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் கட்டின தொண்டையில்.

யோபு சொல்லிக்கொடுத்தார். அப்படியும் பத்துப் பதினைந்து உளுந்துச் செடி போய்ச் சேர்ந்தது.