தம்பியின் சத்துமாவு

எங்கள் ஊர் மாதா கோயில் சேவை இல்லத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். எழுதி வைத்திருந்த வரலாற்றை எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். புளியமரத்தடியில் மருந்து கொடுக்கத் தொடங்கியது, ஜீப் வந்தது, தையல் வகுப்பு வந்தது, மாடிக் கட்டடம் வந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: மெலிந்த குழந்தைகளுக்குச் சத்துமாவு வழங்கப்பட்டது. வழங்கியது சரி, தின்றது யார்? அதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

களமருதூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பா மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கல்வராயன் மலைக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அம்மா விடிந்ததும் நடவுக்குக் கிளம்பிவிடுவாள். இரண்டு வயதுத் தம்பி என் பொறுப்பு. எட்டு வயதில் எனக்கு அவ்வளவு பெரிய உத்தியோகம்.

மாதம் ஒருமுறை இல்லத்து சிஸ்டர்கள் அந்தப் புளியமரக் கிளையில் தராசைக் கட்டி, கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பையில் சின்னப் பிள்ளைகளைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். எடை குறைந்த பிள்ளையின் பெயரை ஓர் அட்டையில் எழுதி, ஒரு பாக்கெட் மாவு கொடுப்பார்கள். கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்த்து அரைத்தது. அதைக் கஞ்சியாகக் காய்ச்சித் தம்பிக்கு ஊட்டுவது என் வேலை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள்.

முதலில் கரண்டியை மட்டும் நக்கினேன். பிறகு அவனுக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி. அப்புறம் அவனுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. வெறும் மாவை வாயில் கொட்டினால் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அந்த நேரம் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாது. அடடா, அந்த ருசி! தம்பியின் கஞ்சியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போயிற்று.

மூன்று மாதமாகத் தராசு முள் நகரவில்லை. அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினாள். எந்தச் சாமியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் பெரிய சிஸ்டர் தம்பியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். மாவு தின்றும் தேறவில்லையென்றால் உள்ளே ஏதோ வியாதி இருக்கும், இப்போதே ஜீப்பில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த தங்கச்சி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவேயில்லை.

"வாணாம் சிஸ்டர். ஒண்ண வாரிக் குடுத்துட்டு ஒக்காந்துக்கினு இருக்கறேன். இவனயும் அனுப்ப மாட்டேங்க."

டிரைவர் ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது. தம்பியும் போய்விடுவான், அதுவும் என்னால்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்! மாவ நான்தான் துன்னுட்டேன்!"

"இன்னாடி சொல்ற?" என்று அம்மா எழுந்து வந்து முதுகில் ஓர் அறை விட்டாள். அடித்த கையாலேயே தம்பியை வாரிக்கொண்டு சிரித்தாள். "வியாதி இல்லிங்க சிஸ்டர்! இந்தக் கழுததாங்க வியாதி!"

வரிசையில் நின்ற ஒருத்தி, "மாவு மிஷின வூட்லயே வெச்சிக்கினு சாமி சாமியா சுத்தியிருக்கா பாரு" என்றாள். சிஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜீப்பை அணைத்தார்கள். அப்பாடா! தம்பி எங்கும் போகப்போவதில்லை. முதுகு எரிந்தும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இவ்வளவு தின்னவ எவ்வளவு குண்டா இருக்கான்னு பார்ப்போம், ஏறு" என்று சிஸ்டர் சிரித்தபடியே பெரியவர்கள் நிற்கும் எடை மிஷினில் என்னை ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். இறங்கச் சொல்லி மறுபடியும் ஏற்றினார். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். சிஸ்டர் ஒரு புது அட்டை எடுத்து அதில் என் பெயரை எழுதினார்.

அன்று இரண்டு பாக்கெட் கிடைத்தது. திருடினால் பரிசு கொடுக்கிறார்களே, இவர்களைப் போல ஏமாளிகள் உண்டா என்று குதித்துக்கொண்டே நடந்தேன். அம்மா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் மூக்கைச் சிந்தினாள். தம்பிக்குத்தான் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே, இன்னும் யாருக்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.